உப்பின் மேல் மிதக்கும் நன்னீர்

எங்கள் குளத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டினால் கடைசியில் பாறையில் போய் முட்டும். தனுஷ்கோடி மணலிலோ முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிறது. இருபுறமும் கடல், ஆயினும் அந்த நீர் உப்புக் கரிப்பதில்லை! எப்படி?

தனுஷ்கோடி, பாம்பன் தீவின் தென்கிழக்கு முனை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத தீவு இது. ஆனால் நீரின் தன்வெப்பம் அதிகம். கடல் மெதுவாகவே சூடேறும். பகலில் கடற்காற்று வீசுவதால் கோடையிலும் குளத்தூரைப் போலச் சுட்டெரிப்பதில்லை. மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவும் இத்தகையதே. இரண்டிலும் ஆறு இல்லை. கோடை வறண்டது, அக்டோபருக்குப் பிறகே நல்ல மழை. நமக்கு அதைத் தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அவர்களுக்குக் குளிர்கால மேலைக்காற்று.

பெய்த மழை மணலுக்குள் இறங்குகிறது. அடியில் கடல் நீர் இருக்கிறது. ஒரு லிட்டர் நன்னீரின் நிறை 1,000 கிராம். கடல் நீருக்கு ஏறக்குறைய 1,025 கிராம். ஆகவே இலேசான நன்னீர் மேலே மிதக்கிறது. மணல் துகள்கள் இரண்டையும் எளிதில் கலக்க விடுவதில்லை.

இப்போது சிறு கணக்கு. 40 மீட்டர் உயரக் கடல் நீர்த் தூணின் அழுத்தத்தைச் சமன்செய்ய 41 மீட்டர் நன்னீர்த் தூண் வேண்டும் (40 × 1,025 = 41 × 1,000). அதாவது, நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை இறங்கி நிற்கும். குவிவில்லை போன்ற வடிவம்!

கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் வைத்து இறைத்து நீர்மட்டத்தை அரை மீட்டர் தாழ்த்தினால், அடியிலிருந்து உப்பு நீர் காலப்போக்கில் 20 மீட்டர் ஏறிவிடும். மால்டாவில் அளவுக்கு மீறி இறைத்ததால் நிலத்தடி நீரில் உப்பேறியது. இன்று அங்கே குடிநீரின் பெரும் பகுதி கடல் நீரைச் சுத்திகரித்துப் பெறப்படுகிறது. அதற்கு மின்சாரம் ஏராளமாகச் செலவாகிறது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. ஆனால் மழை தொடர்ந்து பெய்கிறது. மணல் ஊற்றுகள் இருக்கின்றன. மாணவர்களுடன் சென்றபோது, ஊற்றில் அள்ளிக்கொண்டிருந்த மூதாட்டியிடம் தண்ணீர் கேட்டோம். மாணவன் ஒருவன் சிரட்டையை ஆழ அமிழ்த்தினான். "மேலாப்புல மொள்ளுய்யா. அடியக் கலக்குனா உப்பு வந்துரும்" என்றார் அவர். நான் கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்கிய பாடம் அது!