61-ஆம் நாள் யார் முந்துகிறார்?

“பையன் உள்ளே போய் 58 நாளாகிறது. இன்னும் இரண்டு நாளில் விட்டுவிடுவார்களா?” இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. தானாக விடமாட்டார்கள், கேட்க வேண்டும்.

60 நாளில், கடும் குற்றமென்றால் 90 நாளில், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 167(2), புதிய சட்டத்தில் 187(3). குற்றப்பத்திரிகை என்பது புலனாய்வு முடிந்துவிட்டதாகப் போலீஸ் சொல்லும் அறிக்கை. உண்மையில் முடிந்ததா என்பது வேறு.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். கெடு முடிந்ததும் உரிமை பிறக்கிறது. ஆனால் மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போய்விடுகிறது. சென்னையில் ஒரு போதைப்பொருள் வழக்கு. அதற்குக் கெடு 180 நாள். 2019 பிப்ரவரி 1, 181-ஆம் நாள். காலையில் மனு, அன்று மாலையே குற்றப்பத்திரிகைக்கு இணையான அதிகாரிகளின் கூடுதல் புகார். விசாரணை நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மனு முந்திவிட்டதால் உரிமை நிலைத்துவிட்டது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஜாமீனை மீட்டுக் கொடுத்தது. அதுவரை ஒருவரின் விடுதலை சில மணி நேரக் கணக்கில் தொங்கியது.

அதே ஆண்டு கொரோனா ஊரடங்கில், வழக்குத் தாக்கல் கெடுக்களை உச்ச நீதிமன்றம் நீட்டித்தது. அது போலீசுக்கும் பொருந்துமா? பொருந்தாது என்றார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், மே 8-இல். மூன்றே நாளில் இன்னொரு நீதிபதி பொருந்தும் என்றார். ஒரே நீதிமன்றம், ஒரே கேள்வி. எந்த நீதிபதி முன் மனு வந்தது என்பதே சிறையில் இருப்பவரின் கதியைத் தீர்மானித்தது. ஜூன் 19-இல் உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பின் பக்கம் நின்றது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு 61-ஆம் நாள் வந்ததே தெரியாது. உரிமையை நடுவரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்புகள் சொல்கின்றன. அதை நம்பி இருக்க வேண்டாம். வீட்டார் நாளை எண்ணுங்கள்.

எந்த நாளிலிருந்து?
கைதான நாளிலிருந்து அல்ல. காவலில் வைக்க நடுவர் முதலில் உத்தரவிட்ட (ரிமாண்ட்) நாளிலிருந்து. அந்த நாளும் சேரும் (2023 தீர்ப்பு).

எழுத்து மனு கட்டாயமா?
வாய்மொழியாகக் கேட்டாலும் போதும் (2017).

பணம் கட்டச் சொல்லலாமா?
கூடாது. 8 லட்சம் ரூபாய் கட்டச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற நிபந்தனை 2020-இல் நீக்கப்பட்டது.

ஜாமீன்தாரர்?
பொதுவாக வேண்டும்.