இறைத்த நீர் ஏன் மறுபடியும் குழிக்கே வருகிறது?

கனடாவிலும் அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் பல வீடுகளுக்கு அடியில் நிலவறை உண்டு. அதன் தரையில் ஒரு குழி, குழிக்குள் ஒரு பம்ப். நம்மூர் சம்ப் நீரைச் சேமிக்கும் தொட்டி. அங்கே சம்ப் என்பது அடித்தளத்தைச் சுற்றி ஊறும் நீரை வெளியேற்றுவதற்கான குழி.

மழை விட்ட பிறகும் பம்ப் நிமிடத்துக்கொரு முறை ஓடுகிறதா? நீரை வெளியே விடும் குழாயின் வாய் சுவரோரம் இருக்கலாம்.

கிணற்றடியில் குளித்தால் அழுக்கு நீர் கசிந்து கிணற்றுக்கே இறங்கும். அதனால்தான் மேடை கட்டி, வாய்க்கால் வெட்டி, வாழைக்குத் திருப்பினார்கள். இங்கும் அதே கதை.

வீடு கட்டும்போது அகலமாகத் தோண்டிவிட்டு, சுவர் எழும்பியதும் மண்ணைத் திரும்ப நிரப்புகிறார்கள். அந்த மண் இறுகாமல் பொலபொலவென்றே இருக்கும். அதில் விழுந்த நீர் சுவர் வழியே இறங்கி, அடித்தளத்தைச் சுற்றிய துளைக்குழாயில் புகுந்து, குழிக்கே வந்துவிடும். பம்ப் இறைத்த நீரையே இறைத்துத் தேய்கிறது.

நீரை வெளியே விடும் குழாயைச் சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளிக் கொண்டுபோனால் இந்தச் சுற்று பெரும்பாலும் அறுபடும். அந்த 10 அடிக்குள் தரையும் 6 அங்குலமாவது சரிய வேண்டும். குழாயிலும் சரிவு வேண்டும். தேங்கும் நீர் பனிக்காலத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும். பம்ப் நின்றதும் குழாயில் ஏறிய நீர் திரும்பி விழாதபடி ஒருவழி வால்வும் அவசியம்.

இதற்குப் பதிலாக வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் இந்த நீரை விடலாமே என்றால், அதைப் பல நகரங்கள் தடை செய்துள்ளன.