உங்களுக்குத் தெரியுமா? இருமுனை மனநோயும் மதுவும்

உன்மத்தமான உற்சாகமும் ஆழ்ந்த விஷாதமும் மாறி மாறி மனத்தை ஆட்கொள்ளும் இருமுனை மனநோய்க்கு ஆளானவர்களிடையே மதுவின் பிடி எத்துணை வலியது என்பதை, அமெரிக்காவின் ஐந்து பிரதேசங்களில் ஏறத்தாழ 20,000 பேரை விசாரித்து 1990இல் வெளியான ஆய்வு புலப்படுத்திற்று: அந்நோயின் தீவிர வகையினரில் 46 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் மதுவுக்கு அடிமையாகியோ அதனால் சீர்குலைந்தோ இருந்தனர், பொதுஜனங்களிடையே அது 14 சதவீதத்துக்கும் குறைவு. இதனைக் குணக்கேடு என்று தூற்றுவது அநியாயம். உறக்கம் வாராத இரவில் ஆறுதல் தேடிக் குடித்த மதுவே பின்னிரவு உறக்கத்தைக் குலைக்க, அந்த உறக்கக்கேடு அடுத்த உன்மத்தத்தைத் தூண்டிவிடுகிறது. இந்நோய்க்கு லித்தியம் மருந்து உட்கொள்பவர் குடித்து, வாந்தியெடுத்து, உடலின் நீர் வற்றினாலோ, ரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஏறி விஷமாகக்கூடும். அப்போது தோன்றும் கைநடுக்கத்தையும் நாக்குழறலையும் தள்ளாட்டத்தையும் வெறும் போதையென்று எண்ணி விட்டுவிடாமல், தாமதமின்றி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.