குழந்தைகளின் கண் குறைகள்: கண்டறிவது எப்படி?

குழந்தையின் பார்வை பிறக்கும்போதே முழுமை பெற்றிருப்பதில்லை. பிறந்த சிசுவின் விழி ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம்தான். வளர்ந்தவருக்கு அது 24 மில்லிமீட்டர். விழி வளர வளர, அது அனுப்பும் காட்சியைப் புரிந்துகொள்ள மூளையும் பழகுகிறது. இந்தப் பழக்கம் பெரும்பாலும் 7, 8 வயதுக்குள் நிலைபெற்றுவிடும். அதற்குள் தெளிவான காட்சி மூளைக்குப் போய்ச் சேராவிட்டால், பின்னாளில் கண்ணாடி போட்டாலும் இழந்த பார்வையை முழுதாக மீட்பது கடினம். தெளிவான பார்வை எப்படியிருக்கும் என்றே அறியாத குழந்தை, தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லாது. பெரியவர்கள்தான் கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறந்த மூன்று மாதத்துக்குள் குழந்தை தாயின் முகத்தை உற்றுப் பார்க்கவும், அசையும் பொருளைக் கண்ணால் தொடரவும் வேண்டும். கண்மணியில் கறுப்புக்குப் பதில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்தான விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ஃப்ளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் விழுவதைப் பார்த்தே இந்தப் புற்றுநோயைக் கண்டுகொண்ட பெற்றோர் உண்டு. கருவிழி பெரிதாகி, மங்கி, வெளிச்சம் பட்டதும் கண் கூசி நீர் வடிந்தால் கண் அழுத்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். கண் சிவக்காமல், நீரும் பீளையும் மட்டும் வந்தால் பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்புதான். மருத்துவர் காட்டித்தரும் முறையில் மூக்கோரம் நீவிவிட்டால், அநேகமாக ஒரு வயதுக்குள் சரியாகிவிடும்.

குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிக் கவனம் தேவை. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தையின் விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் கண் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கும் நோய் இவர்களுக்கு வரலாம். அது வெளியே எந்த அடையாளமும் காட்டாது.

மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று கருதி விட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முதல் சில மாதங்களில் கண் அவ்வப்போது விலகுவது இயல்பு. நான்கு மாதத்துக்குப் பிறகும் விலகினால் அது குறைதான். விலகிய கண் தரும் காட்சியை மூளை ஒதுக்கத் தொடங்கும். நாளடைவில் அது சோம்பேறிக் கண் ஆகிவிடும். இரு கண்ணுக்கும் 'பவர்' பெரிதும் வேறுபட்டாலும் இதே நிலைதான். ஆனால் அப்போது கண் நேராகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். விளையாடும் குழந்தையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைத்தால் அது பேசாமல் விளையாடும். மறு கண்ணை மறைத்தால் கையைத் தட்டிவிட்டு அழும். அப்படியானால், திறந்திருக்கும் கண்ணில் பார்வை குறைவு என்று பொருள். கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் பட்டை ஒட்டி மறைத்து, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுப்பதே சிகிச்சை.

பள்ளி வயதில் அதிகம் காண்பது கிட்டப்பார்வை, தூரப்பார்வை, பார்வைச் சிதறல் ஆகியவை. கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, டிவிக்கு அருகே போய் உட்காருவது, அடிக்கடி தலைவலி என்பது ஆகியவை அடையாளங்கள். படிப்பில் மந்தம் என்று திட்டும் முன் கண்ணைச் சோதிப்பது நியாயம். நாளுக்கு 2 மணி நேரம் வெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கும்.

திண்டுக்கல் சமவெளி போன்ற வெப்பமும் புழுதியும் மிகுந்த பகுதிகளில் சிறுவர்களுக்கு ஒவ்வாமைக் கண் நோய் வரும். கோடையில் ஓயாத அரிப்பு, சிவப்பு, நூல் போன்ற பீளை ஆகியவை இதன் குணங்கள். தேய்த்துக்கொண்டே இருந்தால் கருவிழி பழுதாகும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ, கண்புரையையும் கண் அழுத்த நோயையும் கொண்டுவரும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் கண்ணில் விடக் கூடாது.

அந்தி நேரத்தில் தடுமாறுவதும், வெண்விழியில் நுரை போன்ற திட்டு தெரிவதும் வைட்டமின் ஏ குறைவின் அறிகுறி. 9 மாதம் முதல் 5 வயது வரை வைட்டமின் ஏ திரவம் அரசுத் திட்டத்தில் இலவசமாகத் தரப்படுகிறது. ஒட்டன்சத்திரம் பக்கம் நிறைய விளையும் முருங்கையின் கீரை, இந்தச் சத்தை மலிவாகத் தரும் உணவு.

அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைச் சோதிக்க, 2013 இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. பள்ளி மாணவருக்கு இலவசக் கண்ணாடி தரும் கண்ணொளி காப்போம் திட்டம் 2009 முதல் தமிழகத்தில் உள்ளது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் திண்டுக்கல் கிளையிலும் கண்ணைக் காட்டலாம். எந்தக் குறையும் தெரியாவிட்டாலும், பள்ளியில் சேர்க்கும் முன் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிட வேண்டும்.