அட்வான்ஸ் என்னும் விலங்கு

சிறுவர்களை அரக்கன் பிடித்துக்கொண்டு போகும் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். அடித்தாலும் வெட்டினாலும் அந்த அரக்கன் சாக மாட்டான். ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் அவன் உயிர் இருக்கும். கிளியைக் கண்டுபிடித்தால்தான் சிறுவர்களுக்கு விடுதலை.

அது கதை. ஆனால் சிறுவர்களை அடிமையாக வைத்து வேலை வாங்குவது கதை அல்ல. அது நம் நாட்டில் நடந்தது. இன்னும் அங்கங்கே நடக்கிறது. இந்த அரக்கனின் உயிர் கிளிக்குள் இல்லை. ஒரு கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது.

எங்கே நடந்தது?

மும்பை தாராவியின் சந்துகளில் தோல் வேலை, தையல் வேலை, ஜரிகை வேலை செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு. உழைத்துப் பிழைக்கும் மக்கள் அங்கே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அதே நகரத்தில் சில பட்டறைகளில் சிறுவர்களும் அடைபட்டுக் கிடந்தார்கள். 2005-ல் மும்பையின் ஜரிகைப் பட்டறைகளில் பெரிய சோதனைகள் நடந்தன. பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த சிறுவர்கள் பலர் மீட்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளும் இதற்குத் தப்பவில்லை. மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தரகர்கள் வந்தார்கள். பெற்றோர் கையில் அட்வான்ஸ் கொடுத்தார்கள். மகாராஷ்டிரம் போன்ற வெளிமாநிலங்களில் உள்ள முறுக்குக் கம்பெனிகளுக்குச் சிறுவர்களைக் கூட்டிப் போனார்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் விடியும் முன்பே வேலை தொடங்கும். மொழி தெரியாது. ஊருக்கு வழி தெரியாது. கையில் காசு இல்லை. ஓடிப் போவது எப்படி?

கடன் ஏன் தீர்வதில்லை?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அட்வான்ஸ் 20,000 ரூபாய். மாதச் சம்பளம் 3,000 ரூபாய். முதலாளி பிடிப்பது இவ்வளவு:

சாப்பாட்டுக்கு 1,500 ரூபாய்
தங்கும் இடத்துக்கு 500 ரூபாய்
நூற்றுக்கு 5 ரூபாய் வீதம் மாத வட்டி 1,000 ரூபாய்

கூட்டினால் 3,000 ரூபாய். சம்பளம் முழுவதும் போய்விட்டது. கடன் 20,000 அப்படியே நிற்கிறது. பையனுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துச் செலவு 500 ரூபாய். இப்போது கடன் 20,500. ஒரு வருடம் உழைத்தாலும் பத்து வருடம் உழைத்தாலும் கடன் குறையாது. குறையாதபடிதான் கணக்கே எழுதப்படுகிறது. அந்த நோட்டு முதலாளியிடம் இருக்கும். பெற்றோரின் கைநாட்டு அதில் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

காலில் இரும்பு விலங்கு இல்லை. கதவில் பூட்டுகூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கடன் தீரும்வரை போக முடியாது. இதற்குப் பெயர்தான் கொத்தடிமை முறை.

சட்டம் என்ன சொல்கிறது?

1975 அக்டோபர் 25 அன்று கொத்தடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1976-ல் இது முழுச் சட்டமாக வந்தது. இந்தச் சட்டத்தில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு.

ஒன்று. கொத்தடிமைக் கடன் செல்லாது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

இரண்டு. கைநாட்டு வைத்திருந்தாலும், கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது.

மூன்று. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். தொழிலாளி அல்ல.

நான்கு. கொத்தடிமையாக வைத்திருப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

அப்படியானால் அட்வான்ஸ் வாங்குவதே தவறா? இல்லை. நியாயமான கூலி கிடைக்க வேண்டும். விரும்பினால் வேலையை விட்டுப் போக முடிய வேண்டும். கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதுதான் குற்றம்.

பிள்ளைகளுக்கு இன்னொரு சட்டமும் காவல் நிற்கிறது. 2016-ல் திருத்திய சட்டப்படி, 14 வயது நிறையாத பிள்ளையைக் கம்பெனியிலோ பட்டறையிலோ கடையிலோ வேலைக்கு வைக்கக் கூடாது. 18 வயது நிறையாதவரை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது.

ஒரு சிறுவன் வழி காட்டினான்

பாகிஸ்தானில் இக்பால் மசீ என்று ஒரு சிறுவன் இருந்தான். நான்கு வயதில் அவனை 600 ரூபாய்க் கடனுக்காகக் கம்பளத் தறியில் விட்டார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தான். கடன் ஏறியதே தவிர இறங்கவில்லை. 1992-ல் அந்த நாட்டிலும் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. தன்னைக் கட்டியிருந்த கடன் செல்லாது என்று பத்து வயதுச் சிறுவன் தெரிந்துகொண்டான். தறியை விட்டு வெளியேறினான். பள்ளிக்கூடம் போனான். மேடை ஏறிப் பேசினான். மற்றப் பிள்ளைகளுக்கும் வழி பிறந்தது. 1995 ஏப்ரலில் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஆனால் அவன் சொன்ன செய்தி சாகவில்லை.

யாரிடம் சொல்வது?

பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு வேண்டாம். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். இந்தச் சேவை 1996-ல் மும்பையில்தான் பிறந்தது. செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இதைத் தொடங்கியது. இன்று இது நாடு முழுவதும் இருக்கிறது. அவசரம் என்றால் போலீசுக்கு 112.

கொத்தடிமையை விடுவிக்கும் பொறுப்பு மாவட்டக் கலெக்டருடையது. தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டத்தில் இருக்கின்றன. செம்பூர் மும்பை புறநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் கலெக்டர் அலுவலகம் பாந்திராவில் உள்ளது.

மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தருவார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டும். பத்திரமாக வைக்க வேண்டும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். வழக்கு முடியும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம். மறுவாழ்வுக்காகப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் 2 லட்சம் ரூபாய், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்று அரசுத் திட்டம் சொல்கிறது.

ஊரிலிருந்து தரகர் வந்தால் அட்வான்ஸை எண்ணும் முன் தாளை வாங்கிப் படியுங்கள். முதலாளியின் பெயர், வேலை, சம்பளம், நேரம் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவரிடம் பொய்க்கணக்கு எழுதுவது அவ்வளவு சுலபம் இல்லை.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாமல் பட்டறைக்குப் போகும் பிள்ளை உண்டா?
2. மேலே உள்ள கணக்கில் வட்டி இல்லாவிட்டால் மாதம் எவ்வளவு கடன் குறையும்?
3. 1098 என்ற எண்ணை எங்கே எழுதி வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும்?