விளம்பரத்தில் இல்லாத நோய், பட்டியலில் இருக்கிறது

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2024இல் கொண்டுவரப்பட்ட திருத்தங்களின் கடைசிப் பகுதி 2025 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்துவிட்ட நிலையில், காப்பார், கிள்ளான் வட்டார வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: கிளினிக்கில் இனிப்பு நீருக்கு மருந்து வாங்கிய சில நாளில் முகநூலில் அதே நோயைச் சுற்றிய விளம்பரங்கள் வருவது தற்செயலா, புதிய விதிகள் அதை நிறுத்துமா? நோயாளி தாமே இணையத்தில் தேடியதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அவர் எதையும் தேடாமலே அது நடப்பதற்கும் வழி உண்டு, அந்த வழியை ஜூன் 1இல் வந்த விதிகள் அடைக்கவில்லை.

மருத்துவ விளம்பரங்களுக்கு மலேசியாவில் ஏற்கெனவே ஒரு காவல் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா முதலான நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் ஒரு பொருளை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மருந்து விளம்பர வாரியம் வாசகங்களைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தபின் ‘கே.கே.எல்.ஐ.யூ.’ என்று தொடங்கும் எண் விளம்பரத்தில் இடம்பெறுகிறது. விளம்பரம் என்ன சொல்கிறது என்பதை வாரியம் பார்க்கிறது. அது யாருடைய திரையில் தோன்றும் என்பது அந்த எண்ணுக்குள் அடங்காது. ஆகவே நோயின் பெயரையே உச்சரிக்காமல் ‘உங்கள் நலம் எங்கள் அக்கறை’ என்ற அளவில் நிற்கும் ஒரு படம், நோயாளிகளுக்கு மட்டுமே காட்டப்படுமானால், சொல்லக்கூடாததைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

அப்படிக் காட்டுவதற்கான கருவி வாடிக்கையாளர் பட்டியல் பொருத்தம் எனப்படுகிறது. ஒரு நிறுவனம் தன்னிடமுள்ள கைப்பேசி எண்களை விளம்பரத் தளத்தில் ஏற்றும்போது, ஒவ்வோர் எண்ணும் ‘ஹேஷ்’ என்ற கணக்கு முறையால் 64 குறிகள் கொண்ட ஒரு சரமாக மாற்றப்படுகிறது. சரத்திலிருந்து எண்ணைப் பின்னோக்கிக் கணக்கிட முடியாது என்பதால் ‘அடையாளம் நீக்கப்பட்டது’ என்று விளக்கக் குறிப்புகள் உறுதி கூறுகின்றன. இவ்வுறுதிமொழியில் ஒரு பாதி விடுபட்டுப் போகிறது. ஒரே எண் எப்போதும் ஒரே சரத்தைத்தான் தரும் என்பதாலும், தளத்திடம் அதே எண் பயனர் கணக்கோடு ஏற்கெனவே இருப்பதாலும், தளம் தன் எண்களையும் அதே முறையில் மாற்றி இரண்டையும் ஒப்பிட்டால் ஆள் யார் என்பது தெரிந்துவிடுகிறது; தெரியாவிட்டால் விளம்பரம் அவரைச் சென்றடையவே முடியாது. மேலும், மலேசியக் கைப்பேசி எண்களின் அமைப்பில் சாத்தியமான சேர்க்கைகள் சில பத்துக் கோடிகளே என்பதால், அனைத்துக்கும் முன்கூட்டியே சரம் தயாரித்து வைப்பது ஒரு சாதாரணக் கணினிக்குச் சில நிமிட வேலை. எண் மறைக்கப்பட்டாலும் பட்டியலின் தலைப்பு மறைக்கப்படுவதில்லை: ‘நீரிழிவு மருந்து வாங்கியோர்’ என்ற பட்டியலில் ஒருவர் இருப்பதே அவரைப் பற்றிய மருத்துவத் தகவல்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2023இல், மருந்துத் தள்ளுபடி வழங்கும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம் மீது சுமத்திய குற்றச்சாட்டு, குறிப்பிட்ட மருந்து வாங்கியோரின் பட்டியலை ஃபேஸ்புக்கில் ஏற்றி விளம்பரம் செய்தது என்பதே. 15 லட்சம் டாலர் அபராதத்தில் அது முடிந்தது. மனநல ஆலோசனை வழங்கும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், ஹேஷ் செய்த மின்னஞ்சல் முகவரிகளை அனுப்பிய வழக்கில், அதே ஆண்டு 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது.

மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை ‘உணர்வுபூர்வத் தரவு’ என வகைப்படுத்துகிறது; அதன் 40ஆவது பிரிவு, சிகிச்சை போன்ற சில தேவைகள் நீங்கலாக, அத்தகவலைக் கையாள வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்கிறது. சிகிச்சைக்காகத் தந்த எண் விளம்பரத்துக்கும் தந்ததாகிவிடாது.

2025 ஜூன் 1 முதல் என்ன மாறியது? தரவுக் கசிவை 72 மணி நேரத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். 10,000க்கும் மேற்பட்டோரின் உணர்வுபூர்வத் தரவைக் கையாளும் நிறுவனம் தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். தானே அனுப்பிய பட்டியலைக் கசிவு என்று எந்த நிறுவனம் அறிவிக்கும் என்பது வேறு கேள்வி.

அபராதம் கூடியதா? சட்டத்தின் தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 2025 ஏப்ரல் 1 முதல் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாகியுள்ளது.

அரசாங்க மருத்துவமனைகள்? மத்திய, மாநில அரசுகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது.

விளம்பரத்தை நிறுத்தச் சொல்லலாமா? 43ஆவது பிரிவின்கீழ் எழுத்து மூலம் கோரலாம்.

தகவல் யாருக்குப் போகிறது என்பதை எங்கே பார்ப்பது? கிளினிக் தர வேண்டிய தனியுரிமை அறிவிப்பில்; அதை மலாயிலும் ஆங்கிலத்திலும் தரச் சொல்லும் சட்டம், தமிழில் தரச் சொல்லவில்லை.