சிஎன்சி கடைசல் இயந்திரத்தில் மரை வெட்டுதல்

சிஎன்சி கடைசல் இயந்திரத்தில் மரை வெட்டுதல் என்பது, கணினியால் இயக்கப்படும் லேத்தில் சுழலும் எஃகுத் தண்டின்மேல் ஒற்றைமுனை வெட்டுளியால் திருகுமரை உருவாக்கும் முறையாகும். ஒற்றைத் தொடக்க மரையில், தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது வெட்டுளி சரியாக ஒரு புரியிடைத் தூரம் நகர வேண்டும்.

ஒத்தியக்கம்

1800ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் என்றி மாட்சுலே உருவாக்கிய லேத்தில் சுழற்சியையும் நகர்வையும் பல்சக்கரங்களும் வழித்திருகும் இணைத்தன. சிஎன்சி இயந்திரத்தில் அந்த வேலையைச் சுழல்தண்டின் குறியாக்கி செய்கிறது. அது சுற்றுக்கு ஒருமுறை அனுப்பும் குறிப்புத் துடிப்பைக் கொண்டே ஒவ்வொரு ஓட்டமும் தொடங்குவதால், வெட்டுளி முன்பு வெட்டிய பள்ளத்திலேயே இறங்குகிறது. வெட்டுளி உரிய வேகத்தை எட்டுவதற்காக, மரை தொடங்கும் இடத்துக்குச் சில புரியிடைத் தூரம் முன்பிருந்தே அதன் நகர்வு தொடங்கும்.

வெட்டு ஆழம்

எம்20 மரையின் விட்டம் 20 மிமீ, இயல்பான புரியிடைத் தூரம் 2.5 மிமீ, மரைக்கோணம் 60 பாகை. புறமரையின் ஆழம் புரியிடைத் தூரத்தின் 0.6134 மடங்கு, அதாவது சுமார் 1.53 மிமீ. இதை ஒரே ஓட்டத்தில் வெட்டினால் வெட்டுமுனை உடையக்கூடும். ஆழம் கூடும்போது முனை தொடும் எஃகின் அகலமும் கூடுவதால், ஓட்டத்துக்கு ஓட்டம் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். முதல் ஓட்டம் 0.40 மிமீ என்றால், அடுத்தவை ஏறத்தாழ 0.17, 0.13 மிமீ என அமையும். இவ்வாறு சுமார் 15 ஓட்டங்கள் தேவைப்படும். ஃபனுக் வகைக் கட்டுப்பாட்டகங்களில் ஜி76 ஆணை இக்கணக்கைத் தானே செய்கிறது.

சுழல்வேகம்

நிமிடத்துக்கு 600 சுற்று என்றால், 2.5 மிமீ மரைக்கு வெட்டுளி நிமிடத்துக்கு 1500 மிமீ நகரும். சுழல்வேகம் மாறாதிருக்க ஜி97 ஆணை இடப்படுகிறது. வெட்டுளியின் நகர்வு கட்டளைக்குச் சற்றே பின்தங்கும். அந்தப் பின்தங்கல் வேகத்தைப் பொறுத்தது. எனவே இடையில் வேகத்தை மாற்றினால் புதிய வெட்டு பழைய பள்ளத்திலிருந்து விலகி, மரையின் பக்கச்சுவர் சிதையும்.

சோதனை

தண்டைப் பிடிப்பியிலிருந்து கழற்றும் முன்பே வளைய அளவியால் மரையைச் சோதிக்க வேண்டும். 'செல்' அளவி ஏறாவிட்டால், தேய்மானத் திருத்தம் கொடுத்து மீண்டும் வெட்டலாம். தண்டைக் கழற்றி மாட்டினால் சுழற்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள பொருத்தம் போய்விடும். பள்ளத்தைத் தேடிப் பிடிப்பது கடினம். 'செல்லா' அளவியும் முழுவதும் ஏறிவிட்டால் மரை மெலிந்துவிட்டது என்று பொருள். வெட்டிய எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், அத்தண்டு கழிவாகவே போகும்.